குணமாகாத புற்றுநோயோடு இருப்பவர்களுக்கு ஒரு பங்கு: உயிலா, சேமநிதியா, இப்போதே கொடுப்பதா?

எனக்கு 63 வயதாகிறது. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நான்கறை வீடு, மத்திய சேமநிதியில் (வேலை பார்த்த காலத்தில் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு) ஒரு தொகை, வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, பல வருடமாகக் கட்டிவரும் ஓர் ஆயுள் காப்புறுதி. இவ்வளவுதான் என் சொத்து. நான் போன பிறகு இதில் ஒரு பங்கு, குணமாக்க முடியாத புற்றுநோயோடு இருப்பவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் முடிவெடுத்தேன். எந்த வழியாகக் கொடுப்பது, யார் கையில் கொடுப்பது என்று பார்க்கப் போனபோதுதான் ஒவ்வொரு வழியிலும் ஒரு நல்லதும் ஒரு சிக்கலும் இருப்பது தெரிந்தது. இதே யோசனையில் இருப்பவர்கள் நம்மவர்களிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். நான் கேட்டும் படித்தும் ஒப்பிட்டுப் பார்த்ததை அவர்களுக்காக எழுதுகிறேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கீமோ கொடுத்தார்கள். அதனால் நாள் கூடலாம், நோய் போகாது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். கடைசிப் பதினோரு வாரம் அண்ணன் தோ பாயோவில் தன் வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கும் அந்திமக்காலப் பராமரிப்புக் குழு ஒன்றின் தாதி வாரம் ஒருமுறை வருவார். தேவைப்பட்டால் நடுவிலும் வருவார்.

ஓர் இரவு அண்ணனால் மாத்திரையை விழுங்கவே முடியவில்லை. வலி தாங்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பத்தரை மணிக்கு அண்ணி போன் போட்டார். பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் தாதி வந்துவிட்டார். கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பம்பில் ஊசிக்குழலைப் பொருத்தி, மெல்லிய குழாயை அண்ணனின் மேற்கையில் தோலுக்கடியில் செருகி, மேலே பிளாஸ்டர் ஒட்டினார். மார்ஃபின் இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பம்பு மெல்ல முனகியது. முதல் முனகலுக்கு அண்ணி பதறிப்போனார். இந்தச் சத்தம் கேட்கும்வரை கவலை வேண்டாம், கேட்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்றார் தாதி. அப்புறம் குச்சி நுனியில் பஞ்சு வைத்த ஒன்றை எடுத்து, காய்ந்துபோன வாயை எப்படி நனைப்பது என்று காட்டினார். தண்ணீருக்குப் பதில் மோர் தொடலாமா என்று அண்ணி கேட்டார். தாராளமாகத் தொடலாம் என்றார். உப்புப் போட்ட மோரில் நனைத்த பஞ்சு உதட்டில் பட்டதும் அண்ணன் கண்ணைத் திறக்காமலே சப்புக்கொட்டினார்.

அந்த இரவுக்கு எங்களுக்குப் பில் எதுவும் வரவில்லை. யாரோ எப்போதோ கொடுத்துவைத்த பணம் அந்தத் தாதியை நள்ளிரவில் தோ பாயோவுக்கு அனுப்பியிருக்கிறது. நானும் அப்படி ஒரு பணத்தை விட்டுப்போக விரும்புகிறேன். அதனால் ஒவ்வொரு வழியையும் பார்த்தபோது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணம் தடங்கல் இல்லாமல் அப்படிப்பட்ட ஓர் இரவு வரைக்கும் போய்ச்சேருமா?

எதுவும் எழுதாமல் விட்டால்

இதையும் ஒரு வழியாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறோம். சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து குடும்பத்துக்குள் பிரியும். கணவனோ மனைவியோ இருந்து பிள்ளைகளும் இருந்தால் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. உறவு என்று ஒருவருமே இல்லாவிட்டால் அரசாங்கத்துக்குப் போகும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் அறநிறுவனம் கிடையாது. "கொடுக்கணும்னு அம்மா ஆசைப்பட்டாங்க" என்று பிள்ளைகள் நினைவு வைத்திருந்து, மனது வைத்துக் கொடுத்தால் உண்டு.

இருக்கும்போதே கொடுப்பது

பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் இதுவே முதல் இடம். வேலையில் இருப்பவர், வரிச்சலுகைக்குத் தகுதியுள்ள பொதுநல அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு பெறலாம். 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளியைக் கழிப்பார்கள். இந்தச் சலுகை காலவரையறையோடு அறிவிக்கப்படுவது, கொடுக்கும்போது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறந்தபின் போகும் கொடைக்கு இப்படிப்பட்ட லாபம் இல்லை. மரணச் சொத்துவரியே 2008 பிப்ரவரி 15-இலிருந்து இங்கே எடுக்கப்பட்டுவிட்டதால், வரியை மிச்சப்படுத்த உயிலில் கொடை எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. வேறு நாட்டு இணையப்பக்கங்களைப் படித்துவிட்டு நம் ஆட்கள் சிலர் இதில் குழம்புகிறார்கள்.

வரிச்சலுகையைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. பணம் எங்கே போகிறது என்று நம் கண்ணால் பார்க்கலாம். சரியில்லை என்று பட்டால் வேறு இடத்துக்கு மாற்றலாம்.

ஆனால் என் நிலைமையை நான் பார்க்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், வரி கட்டுகிற வருமானம் இல்லை. இன்னும் எத்தனை வருடம் இருப்பேன், எனக்கே என்ன நோய் வரும் என்று தெரியாது. சிங்கப்பூரில் இறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் புற்றுநோயால் இறக்கிறார். அந்த ஒருவர் நானாகவும் இருக்கலாம். இன்றைக்கு 30,000 வெள்ளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நாளைக்கு மகனிடம் கை நீட்டுவது எனக்குச் சம்மதமில்லை, அவனுக்கும் சுமை. அதனால் பெரிய பங்கை இறந்தபின் போகிற மாதிரி வைப்பது, மாதம் ஒரு சின்னத் தொகையை இப்போதே கொடுப்பது என்று பிரித்துக்கொண்டேன். சம்பளம் வாங்குகிற நாற்பது, ஐம்பது வயதுக்காரராக இருந்தால் என் ஆலோசனை இதற்கு நேர்மாறாக இருக்கும்: இப்போதே அதிகமாகக் கொடுங்கள், உயிலில் கொஞ்சம் போதும்.

உயில்: தொகையா, மீதியில் பங்கா?

உயில் எழுதுவதற்கான சட்டத் தேவைகள் அதிகமில்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்க, கடைசியில் கையெழுத்திட வேண்டும். அவர்களும் நம் முன்னாலேயே கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அது அவர்களுக்குக் கிடைக்காது. திருமணம் செய்தால் பழைய உயில் செல்லாமல் போகும், விவாகரத்தால் போகாது. பின்னாளில் மறுமணம் செய்துகொண்டவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள்.

உயிலில் கொடையை எழுத இரண்டு முக்கியமான வகை உண்டு. "இந்த நிறுவனத்துக்கு 20,000 வெள்ளி" என்று தொகையாகச் சொல்வது ஒன்று. கடன், செலவு, மற்றவர்களுக்குச் சொன்ன தொகைகள் எல்லாம் போக மீதியில் இத்தனை சதவீதம் என்று சொல்வது இன்னொன்று. கேட்பதற்கு முதல் வகை தெளிவாக இருக்கிறது. நானும் அதைத்தான் எழுதுவதாக இருந்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கையில் இன்றைக்கு 2 லட்சம் வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 என்றால் பத்தில் ஒன்று. எனக்கு நீண்ட நோய் வந்து, வீட்டில் பணிப்பெண் வைத்து, காப்புறுதி தராத மருந்துகள் வாங்கி, கடைசியில் 40,000 வெள்ளிதான் மிஞ்சுகிறது என்றால் அதே 20,000 பாதி ஆகிவிடும். மீதியில் பங்கு பெறுகிறவர்களுக்கு முன்னால், தொகையாக எழுதியதைத்தான் முதலில் கொடுப்பார்கள். பிள்ளைகள் இருவரும் மீதிப் பாதியைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாறாக நான் 90 வயதுவரை நலமாக இருந்து வங்கியில் பணம் வளர்ந்தால், அன்றைக்கு 20,000 வெள்ளியின் மதிப்பு எவ்வளவு இருக்கும்? என் அப்பா காலத்தில் 50 காசுக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்டதாகச் சொல்வார்.

பத்து சதவீதம் என்று எழுதினால் இரண்டு பக்கமும் சரியாகிவிடுகிறது. குறைந்தால் எல்லாருக்கும் குறையும், கூடினால் எல்லாருக்கும் கூடும். குடும்பத்துக்கும் அறத்துக்கும் நடுவில் போட்டி வராது. நடுத்தர வருமானக்காரர் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: தொகை வேண்டாம், பங்காக எழுதுங்கள். வாரிசே இல்லாதவர், அல்லது நிறையச் சொத்துள்ளவர் தொகையாக எழுதினால் கெடுதல் இல்லை.

உயிலின் பெரிய குறை, அது எட்டாத இடங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக வாங்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஒருவர் இறந்ததும் அப்படியே மற்றவருக்குப் போய்விடும். ஆளுக்கு இத்தனை பங்கு என்று தனித்தனியாகப் பதிவு செய்திருந்தால்தான் அந்தப் பங்கை உயிலில் எழுத முடியும். பெரும்பாலான குடும்பங்களில் அப்படிப் பதிவு செய்வதில்லை. என் கணவர் ஏழு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டதால் வீடு இப்போது என் ஒருத்தி பெயரில் இருக்கிறது. அதனால் அது என் உயிலுக்குள் வரும், உயிலை நிறைவேற்றுபவர் விற்றுப் பணமாக்கிப் பிரிக்கலாம்.

ஊரில் நிலம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டுக்கோட்டைப் பக்கம் அப்பா வைத்த தென்னந்தோப்பில் எனக்கும் ஒரு பாகம் உண்டு. நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதற்கு. அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அதற்குத் தனி உயில் எழுதுபவர்கள், சிங்கப்பூர் உயிலில் வழக்கமாக வரும் "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்ற வரியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வரி ஊர் உயிலையும் சேர்த்து அடித்துவிடலாம். வழக்கறிஞரிடம் இரண்டு உயில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சேமநிதி நியமனம்

எனக்குத் தெரிந்த ஒருவர் உயிலில் தன் சேமநிதிப் பணத்தை மூன்று பாகமாக்கி, ஒரு பாகத்தை ஓர் அறநிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தார். நல்ல மனிதர், கையெழுத்துகூட அழகாக இருக்கும். அவர் இறந்தபின் அந்த வரி எதற்கும் உதவவில்லை. சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது. அதற்கென்று தனியாக நியமனம் செய்திருக்க வேண்டும், அதாவது இறந்தபின் யாருக்குப் போக வேண்டும் என்று சேமநிதியிலேயே பெயர் கொடுத்திருக்க வேண்டும். அவர் செய்யாததால் பணம் பொது அறங்காவலர் அலுவலகம் வழியாகக் குடும்பத்துக்குள் பிரிந்தது. அவர் ஆசைப்பட்ட இடத்துக்கு ஒரு காசுகூடப் போகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சேமநிதி நியமனத்தில் குடும்பத்தாரோடு அறநிறுவனத்தையும் ஒரு நியமனதாரராகச் சேர்க்கலாம், இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பங்கு போடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் நியமனதாரராக இருக்கக் கூடாது. நாம் இறந்ததும் பணம் ரொக்கமாக நேரே போகும். உயிலை நிறைவேற்ற நீதிமன்ற அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நம் கடன்காரர்களும் அதில் கை வைக்க முடியாது. தடங்கல் இல்லாமல் போய்ச்சேருமா என்ற என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

குறை என்ன? மாதாமாதம் பணம் வாங்க வாங்க, விட்டுப்போகும் மிச்சம் குறைந்துகொண்டே வரும். உயிருள்ளவரை மாதாமாதம் பணம் தரும் சேமநிதியின் ஆயுள்காலத் திட்டத்தில் இருப்பவர் நீண்ட நாள் வாழ்ந்தால் கடைசியில் மிஞ்சுவது சொற்பமாக இருக்கலாம். சீக்கிரம் போனால் அறநிறுவனத்துக்கு அதிகம், தொண்ணூறு தாண்டினால் கொஞ்சம். அதனால்தான் இதை மட்டும் நம்பாமல் உயிலிலும் ஒரு பங்கை வைத்தேன். திருமணம் செய்தால் நியமனமும் ரத்தாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காப்புறுதி

ஆயுள் காப்புறுதியிலும் நியமனம் செய்யலாம். 2009 செப்டம்பரிலிருந்து இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் கணவன், மனைவி, பிள்ளைகளை மட்டும் நியமிக்க முடியும், பிறகு நாமாக நினைத்தபடி மாற்ற முடியாது. எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய மற்ற வகையில் அறநிறுவனத்தையும் சேர்க்கலாம். பத்திரத்தை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள்: எந்த வகை நியமனம் செய்திருக்கிறீர்கள், எந்த வயதோடு காப்பு முடிகிறது. 65, 70 வயதோடு முடிந்துவிடும் காப்புறுதியில் கொடை எழுதினால், அந்த வயதைத் தாண்டி வாழ்ந்தவரின் கொடை இல்லாமலே போய்விடும். என்னுடையது முழு ஆயுளுக்கானது. இருந்தாலும் அதை மகள் பெயரிலேயே விட்டுவிட்டேன். அவளுக்குத்தான் அது உதவும்.

முஸ்லிம் அன்பர்களுக்கு வழி வேறு. சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வசியத்தாக (உயிலாக) எழுதலாம், மீதி ஃபராயிது என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி வாரிசுகளுக்குப் போகும். அறக்கொடை அந்த மூன்றில் ஒன்றுக்குள் அமையும். வக்ஃபு என்ற நிரந்தர அறக்கொடை வழியும் இருக்கிறது. சேமநிதி நியமனத்தை மார்க்கப்படி எப்படிக் கொள்வது என்பதை சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸிடமோ தெரிந்த உஸ்தாதிடமோ (மார்க்க ஆசிரியரிடமோ) கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

பெரிய தொகை உள்ளவர்கள், 2008-இல் தொடங்கிய சிங்கப்பூர்ச் சமூக அறநிதியம் வழியாகத் தங்கள் குடும்பப் பெயரில் ஒரு நிதியே ஏற்படுத்தலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

யார் கையில் கொடுப்பது?

இதில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆராய்ச்சி, பரிசோதனை, சிகிச்சை, நோயாளிக்குப் பண உதவி, கடைசிக்காலப் பராமரிப்பு என எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. குணமாகாது என்று சொல்லப்பட்டவருக்கு இவற்றில் எது போய்ச்சேரும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய புற்றுநோய் நிலையம் அதற்குப் பேர்போன இடம். இன்றைக்குக் குணமாகாத நோய் நாளைக்குக் குணமாக வேண்டுமானால் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த இரவு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த அண்ணனுக்கு அது எட்டாது. நான் கொடுக்க நினைப்பது அவருக்கு. எனவே ஆராய்ச்சியை வேறு கொடையாளர்களுக்கு விட்டுவிட்டேன்.

சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 1964-இலிருந்து இருக்கிறது. பரிசோதனை, வறியவர்களுக்குப் பண உதவி, ஆலோசனை, வீட்டுக்கு வந்து பராமரிப்பது என்று அதன் வேலை அகலமானது. குணமாகாத நோய் என்றால் உடனே கடைசி வாரங்கள் என்று பொருளில்லை. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியபின்னும் மருந்தில் பல வருடம் வேலைக்குப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் கவலை மருந்துச் செலவு, விடுப்பு, பிள்ளைகளின் படிப்பு. 2022 செப்டம்பரிலிருந்து, எல்லாருக்குமான அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநோயாளிகளின் புற்றுநோய் மருந்துகளில் அங்கீகரித்த பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் பணம் தருகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்து தேவைப்படும் குடும்பத்துக்குப் பண உதவி பெரிய கை கொடுக்கும். இப்படி நோயோடு வாழ்கிற காலம் முழுவதையும் நினைத்துக் கொடுப்பவருக்குச் சங்கம் பொருத்தமான இடம்.

அப்புறம் அந்திமக்காலப் பராமரிப்பு இல்லங்கள். 1985-இல் ஜூரோங்கிலிருந்த புனித ஜோசப் இல்லத்தில் 16 படுக்கைகளை ஒதுக்கியதுதான் இந்த ஊரில் இதற்குத் தொடக்கம். தாம்சன் சாலையில் உள்ள அசிசி இல்லம் 1969-இல் கன்னியாஸ்திரீகள் ஆரம்பித்தது, அந்திமக்காலப் பராமரிப்பு அங்கே பிறகுதான் வந்தது. நொவீனாவில் இருக்கும் டோவர் பார்க் எந்தச் சமயமும் சாராதது. எங்கே போனாலும் எல்லாச் சமயத்தாரையும் சேர்த்துக்கொள்வார்கள். "பாதிரிமார் நடத்தும் இடமாச்சே" என்று தயங்கும் நம் பெரியவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அசிசி இல்லத்தில் ஒரு தோழியின் அம்மாவைப் பார்க்கப் போனபோது, கட்டில் பக்கத்து மேசையில் முருகன் படமும் விபூதி டப்பாவும் இருந்தன. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர், வீட்டில் வைத்து வலியை அடக்க முடியாதவர் ஆகியோருக்கு இந்த இல்லங்களை விட்டால் வேறு போக்கிடமில்லை.

வீட்டுக்கே வரும் பராமரிப்பில் பெரியது 1989-இல் தொடங்கிய எச்சிஏ ஹாஸ்பிஸ். மருத்துவரும் தாதியும் வந்து பார்ப்பதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் நடத்துகிறார்கள். குழந்தை நோயாளிகளுக்கும் தனிக் குழு வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் 2023-இல் வெளியிட்ட தேசியத் திட்டத்தில், மருத்துவமனையில் நேரும் மரணங்களை 61 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 51 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் இன்னும் நிறையப் பேர் வீட்டிலேயே இருக்கப்போகிறார்கள். இரவில் போன் அடிக்கும், யாராவது எடுக்க வேண்டும், வண்டி ஏறிப் போக வேண்டும். என் பங்கு வீட்டுப் பராமரிப்புக்குத்தான் என்று நான் முடிவெடுக்க இதுவும் ஒரு காரணம். என் அனுபவம் என்னை அந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இல்லத்தில் நிம்மதியாகக் கண்மூடியிருந்தால் உங்கள் மனம் அங்கே போகும், அதுவும் சரியே.

எந்த நிறுவனமானாலும் அறநிறுவனங்களுக்கான அரசாங்க இணையவாசலில் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதிவு எண், வரிச்சலுகைத் தகுதி, வருடக் கணக்கு எல்லாம் இருக்கும். நான் மூன்று வருடக் கணக்கைப் படித்தேன். எனக்குக் கணக்கியல் தெரியாது. வரவில் நன்கொடை எவ்வளவு, செலவில் தாதியர் சம்பளம் எவ்வளவு என்று பார்க்க அது தேவைப்படவும் இல்லை.

எப்படி எழுதுவது

முதலில் எழுதிய நகலில், "வீட்டில் இருக்கும் கணையப் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் பம்பு வாங்க" என்று போட்டிருந்தேன். அண்ணனை நினைத்து எழுதியது. நிறுவனத்தில் பேசிய பெண்மணி மிகவும் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் இன்னும் முப்பது வருடம் இருந்தால், அன்றைக்கு இந்தப் பம்பு இருக்குமா அம்மா?" நான் பதில் சொல்லவில்லை. நோக்கத்தை அவ்வளவு குறுக்கிவிட்டால், செய்ய முடியாத நிலை வரும்போது நீதிமன்றம் வழியாக அதற்கு நெருக்கமான வேறு நோக்கத்தைத் தேட வேண்டியிருக்கும். அந்தச் செலவும் தாமதமும் யாருக்கு லாபம்?

"குணமாக்க முடியாத நோயுள்ளவர்களின் பராமரிப்புக்கு, குறிப்பாகப் புற்றுநோயாளிகளுக்கு, நிறுவனம் தேவை அறிந்து பயன்படுத்தலாம்" என்ற அளவுக்குத் தளர்த்தினேன். நிறுவனத்தின் சட்டப்படியான முழுப்பெயரும் பதிவு எண்ணும் எழுதினேன். பேச்சுவழக்கில் சொல்லும் பெயரை எழுதினால் ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு நிறுவனங்களுக்கிடையில் குழப்பம் வரும். நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ வேறொன்றோடு இணைந்திருந்தாலோ அதே வேலையைச் செய்யும் இடத்துக்கு நிறைவேற்றுபவர் கொடுக்கலாம் என்று ஒரு வரி. நிறுவனத்தின் பொறுப்பாளர் தரும் ரசீது போதும் என்று இன்னொரு வரி. இந்த இரண்டையும் வழக்கறிஞர் சேர்க்கச் சொன்னார்.

பிள்ளைகள்

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இந்தக் கொடைக்கு அது ஒத்துவராது. நான் இல்லாதபோது இதைச் செய்து முடிக்கப் போகிறவன் மகன். அவனுக்கு உயில் படிக்கிற அன்றைக்குத்தான் தெரியும் என்றால் அதைவிடக் கெடுதல் இல்லை. கணவனோ மனைவியோ, மணமாகாத மகளோ, உடற்குறையுள்ள பிள்ளையோ நம்மை நம்பி இருந்தால், உயிலில் அவர்களுக்குப் போதிய அளவு வைக்காதபோது நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியதை முதலில் வைத்துவிட்டுப் பிறகுதான் அறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்தபின் இருவரிடமும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா இந்தப் பேச்செல்லாம், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க" என்றான் மகன். மகள் எதுவும் பேசவில்லை. அவள்தான் மாமா வீட்டில், அதாவது என் அண்ணன் வீட்டில், நான்கு இரவு தங்கியிருந்தவள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து பர்சென்ட் போதுமாம்மா?" என்று கேட்டாள். மகன் அவளைப் பார்த்தான். அப்புறம் எந்த நிறுவனம் என்று கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டான்.

முடிவாக நான் செய்தது இது. சேமநிதி நியமனத்தில் பத்து சதவீதம் வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்கு. உயிலில் மீதிச் சொத்தில் ஐந்து சதவீதம் அதே நிறுவனத்துக்கு. மாதம் 50 வெள்ளி இப்போதிலிருந்தே வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. உயில் வழக்கறிஞரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அரசாங்கத்தின் உயில் பதிவகத்திலும் பதிந்துவிட்டேன்.

சேமநிதி நியமனப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட அண்ணி தோ பாயோவிலிருந்து பஸ் ஏறி வந்தார். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லாததால் சாட்சியாக இருக்கத் தடையில்லை. இன்னொரு சாட்சி பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி. படிவத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தை அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு சமையலறைக்குப் போய் மூன்று டம்ளரில் மோர் ஊற்றி எடுத்துவந்தார்.